பதினோராவது பீஸ்

கேள்வி: எனக்கு வயது 29. திருப்பூரில் ஒரு பயிங் ஆபீஸில் (வெளிநாட்டு பயருக்காக இங்கே சரக்கு வாங்கித் தரும் ஆபீஸ்) க்யூ.சி.யாக, அதாவது தரம் பார்ப்பவளாக இருக்கிறேன். அப்பா இல்லை. அம்மாவும், படித்துக்கொண்டிருக்கும் தம்பியும் என் சம்பளத்தை நம்பித்தான். பாலிடெக்னிக்கில் எனக்கு சீனியராக இருந்தவரை, ஏழு வருடம் கழித்து நான் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும் பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராகப் பார்த்தேன். அப்போது பஸ்ஸில் பார்த்துச் சிரித்ததோடு சரி. இப்போது இருவருக்கும் பிடித்துவிட்டது. அவர் வேறு சாதி. போன மாதம் அவர் ஷிப்மெண்ட் நின்றுவிடக் கூடாதே என்று, தோள்பட்டைத் தையல் விட்டிருந்த பதினோராவது பீஸை மேஜர் என்ற பெரிய குறையில் சேர்க்காமல், மைனர் என்ற சின்னக் குறையில் எழுதினேன். பக்கத்தில் நின்றவர் பார்த்துச் சிரித்தாரே தவிர, என்றைக்கும் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. அவ்வளவு நல்லவர். கடவுளே மறுபடி சேர்த்து வைத்த மாதிரி இருக்கிறது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பதில்: அன்பு மகளுக்கு,

அம்மாவிடம் பேசுவது இருக்கட்டும். போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனாயே, அந்தப் பதினோராவது பீஸ், அதைப் பேசுவோம்.

3,500 பீஸ் ஆர்டர் என்றால் 200 எடுத்துப் பார்ப்பாய். ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் (எத்தனை குறை வரை ஏற்கலாம் என்கிற அளவுகோல் அது) மேஜர் பத்து வரை பாஸ், பதினொன்று என்றால் ஃபெயில். தையல் விட்ட பீஸ் மைனர் ஆகாது என்று உனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் எழுதினாய்.

ஃபெயில் போட்டிருந்தால் செக்கிங் பெண்கள் பெட்டிகளைப் பிரித்து, கவரைக் கழற்றி, அத்தனை பீஸையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். கப்பல் தவறினால் விமானச் செலவு கம்பெனி தலையில் விழும். கஷ்டம்தான். ஆனால் அது அவர் தீர்க்க வேண்டிய கஷ்டம், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நாளைக்கு பயரிடமிருந்து நஷ்ட ஈடு கேட்டு கிளெய்ம் வந்தால் பணத்தைக் கம்பெனி கட்டிவிடும். ரிப்போர்ட்டில் இருக்கும் கையெழுத்து உன்னுடையது. உன் வேலை போனால் தம்பிக்கு யார் ஃபீஸ் கட்டுவது? அந்தச் சம்பளம் உன் ஒருத்தியுடையது இல்லையே, அதைப் பணயம் வைக்க உனக்கு என்ன உரிமை?

"வாய் திறந்து கேட்டதில்லை" என்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் உறுத்துகிறது. கேட்காமலே கிடைத்ததை வாங்கிக்கொண்டு சிரித்தவர் அவர். உன்மேல் உண்மையான அக்கறை இருந்தால், "மேஜர்லயே போடு, நான் பார்த்துக்கறேன்" என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அப்பா இல்லாத வீட்டைத் தாங்குகிற பெண்ணைக் கட்டிக்கொள்ள நினைக்கிறவர், அவள் வேலைக்கு உலை வைத்துத் தன் ஷிப்மெண்ட்டை அனுப்பமாட்டார்.

கடவுள் சேர்த்து வைத்தார் என்கிறாய். டெக்ஸ்டைல் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் திருப்பூருக்குத்தான் வேலைக்கு வருகிறார்கள். சந்தித்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

நாளைக்கே உன் மேலாளரிடம் போய் நடந்ததைச் சொல். திட்டு நிச்சயம், அதற்கு மேலும் வரலாம், வாங்கிக்கொள். அந்தக் கம்பெனிக்கு இனி வேறு ஆளை அனுப்பச் சொல், காரணத்தையும் மறைக்காதே. பிறகு அவரிடம் சொல். "என்னைக் கேட்காமல் ஏன் சொன்னாய், என் ஆர்டர் போகுமே" என்று பாய்ந்தாரானால், அம்மாவிடம் பேச உனக்கு விஷயமே இல்லை.

தலைகுனிந்து, "தப்பு என்னுடையதும்தான்" என்றாரா, மேலே யோசி. வேறு சாதி என்பதை நான் ஒரு தடையாகவே நினைக்கவில்லை. சிறப்புத் திருமணச் சட்டம் 1954-லிருந்து இருக்கிறது, நோட்டீஸ் கொடுத்து 30 நாள் பொறுத்தால் பதிவு செய்யலாம். ஆனால் பெற்றவளுக்குத் தெரியாமல் ரிஜிஸ்தர் ஆபீஸில் போய் நிற்காதே. முதலில் அம்மாவிடம் நீ சொல். பெரியப்பா, சித்தப்பாவுக்கெல்லாம் அப்புறம் தெரிந்தால் போதும். பிறகு அவர் தன் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு உன் வீட்டுக்கு வந்து கேட்கட்டும். தம்பி படிப்பு முடிகிறவரை உன் சம்பளத்தில் பாதி அம்மாவுக்குத்தான் என்பதை அன்றைக்கே, அந்தப் பெரியவர் காதிலும் விழும்படி சொல்லிவிடு.