குழந்தைகளுக்குச் சங்கேத எழுத்தை எப்படிப் புரியவைப்பது?

சங்கேதம் என்றால், இருவர் மட்டும் அறிந்த விதிப்படி செய்தியை மாற்றிச் சொல்வது. நடுவில் யார் கையில் சிக்கினாலும் பொருள் விளங்கக் கூடாது, அதற்குத்தான்.

வேலூர்ப் பிள்ளைகளுக்கு நான் பொய்கை மாட்டுச் சந்தையிலிருந்துதான் தொடங்குவேன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு தெரியும், தொகை தெரியாது.

அப்புறம் தாளில் ‘படம்’ என்று எழுதச் சொல்லுங்கள். க, ங, ச வரிசையில் ஒவ்வொரு எழுத்தையும் ஒன்று தள்ளினால் ‘மணய்’. அந்த ‘ஒன்று’தான் சாவி. ரோமின் ஜூலியஸ் சீசர் 3 எழுத்து தள்ளி எழுதினார். பிள்ளை தானே திருப்பிப் படிக்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள்!

சங்கேதம் என்றாலே திருட்டு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியும் இப்படிப் பூட்டித்தான் போகிறது, பூட்டு மட்டும் மிகப் பெரியது.