பம்பிங் குறைந்த இதயம், பை நிறைய மாத்திரை: கேள்வி பதில்

இதயச் செயலிழப்புக்கு, அதாவது இதயம் ரத்தத்தைப் போதிய அளவு பம்ப் செய்யாத நிலைக்கு, தரும் மாத்திரைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, மருந்தகத்தில் பல வருடம் நின்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு எக்கோவில் பம்பிங் 30 சதவீதம் இருந்தது. மாத்திரை சாப்பிட்டு 50 ஆகிவிட்டது. இனி நிறுத்தலாமா அண்ணா?

வேண்டாம்மா. அந்த 50 மாத்திரையின் தயவில் வந்தது. இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். இதயம் விரிந்து பலவீனமாகி, பிறகு தேறியவர்களை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது, 2018-ல் வெளிவந்தது. 25 பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் 11 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

எனக்குச் சுகரே கிடையாது. டாபாகிளிஃப்ளோசின் ஏன்?

சுகருக்கென்று வந்த மாத்திரைதான். சுகர் இல்லாத இதய நோயாளிகளுக்கும் பலன் தருகிறது என்று 2019-ல் தெரிந்தது. அந்தரங்க இடத்தில் அரிப்பு வந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வாந்தி, பேதி என்று சாப்பிட முடியாத நாளில் டாக்டரைக் கேட்டு நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும்.

நீர் மாத்திரை போட்டால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. கல்யாணத்துக்குப் போகிற அன்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள், நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். லேசிக்ஸ் என்ற நீர் மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் வரை இழுக்கும். வீடு திரும்பியபின் மாலை நான்கு மணிக்குப் போட்டாலும் ராத்தூக்கம் தப்பிக்கும். ஆனால் விருந்தில் அப்பளமும் ஊறுகாயும் வேண்டாம். மறுநாள் எடை பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன், தினமும் அதே மெஷினில். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தினசரி காலண்டர் தாளின் மூலையில் எழுதி, கிழித்த தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவருவார்: 61, 62, 63. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது நீர். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக்?

கூடவே கூடாது, உப்பையும் நீரையும் தேக்கிவிடும். பாராசிட்டமால் பரவாயில்லை. தண்ணீரில் நுரைக்கிற வகை மட்டும் வேண்டாம், அதில் சோடியம் அதிகம்.

ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் தாத்தாவுக்கு மார்பு வீங்கி வலிக்கிறது. வெட்கப்பட்டு மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளிக்கிறார்.

பாவம். அது மாத்திரையின் பக்கவிளைவுதான், அதே வகை மாத்திரையான எப்லரினோனுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். இரண்டுமே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்; இளநீரும், உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பும் வேண்டாம். அப்புறம், ஒளித்து வைத்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மருந்து கேட்கவில்லை என்று டோஸைக் கூட்டிவிடுவார்.