பணம் கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?

கேள்வி: சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்குக் கைநிறையப் பணம் கிடைக்கிறதே, அப்புறமும் ஏன் போராடுகிறார்கள்?

பதில்: யார் கைக்கு அந்தப் பணம் போகிறது என்று பாருங்கள். பத்திரத்தில் பெயர் இருப்பவர் கைக்கு. அந்த வயலில் வருஷக்கணக்காகக் களை பறித்த கூலிப் பெண், குத்தகைக்கு உழுதவர், ஊர்ப் பொது நிலத்தில் ஆடு மேய்த்தவர், இவர்களிடம் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லை, அதனால் பல இடங்களில் அரசுக் கணக்கில் இவர்கள் எதையும் இழக்கவே இல்லை! விறகும் கீரையும் குளத்து மீனும் அதுவரை சும்மா கிடைத்தவை. ஊர் மாறிய மறுநாளே எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். உலக வங்கியில் பணியாற்றிய சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா, இடம்பெயர்ந்தவர்களை வறுமையில் தள்ளும் 8 ஆபத்துகளைச் சொன்னார். நிலம், வேலை, வீடு போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊர்ப் பொதுச் சொத்து கைவிட்டுப் போவதையும், ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறுவதையும் அவர் அதே பட்டியலில் வைத்தார். அவசரத்துக்குக் கைமாற்று தரும் பக்கத்து வீட்டுக்கு எந்த அதிகாரி விலை போடுவார்?

கேள்வி: சுரங்க எல்லைக்கு வெளியே இருக்கும் ஊர்கள் தப்பித்தனதானே?

பதில்: எங்கே தப்பிக்கிறது! நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே குழி போனால் ஊறும் நீரை இரவு பகலாக இறைத்துக் கொட்டியாக வேண்டும், அதில் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றும். வெடி வைக்க வைக்கச் சுவரில் விரிசல், கொடியில் காயும் துணியில் தூசு. நிலத்தை எடுக்காததால் இழப்பீடு கிடையாது, விற்கலாம் என்றால் வாங்க ஆளும் கிடையாது. என்னைக் கேட்டால், காலி செய்தவர்களைவிடச் சில இடங்களில் இவர்கள் பாடுதான் மோசம்.

கேள்வி: 'வேண்டாம்' என்று சொல்லி எந்த ஊராவது ஜெயித்திருக்கிறதா?

பதில்: ஒடிசாவின் நியமகிரி மலை. அங்கே பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2013 ஏப்ரலில். கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன, டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களின் மலை தப்பியது. கொலம்பியாவில் தபாகோ என்ற ஊருக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. நிலக்கரிக்காக 2001-இல் அதை இடித்துத் தள்ளினார்கள். வேறிடத்தில் ஊர் கட்டிக் கொடுங்கள் என்று மறு வருஷமே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சரி, தீர்ப்பு வந்தது. ஊர் பல வருஷம் வரவில்லை.