அந்த ஆல்பத்தை அழிக்க வேண்டாம், தம்பி

கேள்வி: ஆறு வருடக் காதல் முறிந்து ஐந்து மாதம் ஆகிறது. தினமும் இரவு விளக்கை அணைத்துவிட்டு, பிளர் இசைக்குழுவின் 'தி பேலட் ஆஃப் டேரன்' ஆல்பத்தை ஹெட்போனில் கேட்கிறேன். அது முடிந்ததும் அவளுடைய பழைய மெசேஜ்களை எடுத்துப் படிப்பேன். தூங்க இரண்டு மணி ஆகிவிடும். என்னோடு தங்கியிருக்கும் நண்பன், "இந்தப் பாட்டுதான் உன்னைக் கெடுக்கிறது, முதலில் அதை அழி" என்கிறான். அவன் சொல்வது சரியா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆல்பத்தை அழிக்க வேண்டாம். அது மொத்தம் 36 நிமிடம்தான். உங்களை இரண்டு மணி வரை விழிக்க வைப்பது அந்தப் பாட்டு அல்ல, அதற்குப் பிறகு கைக்கு வரும் போன். அந்த மெசேஜ்களை வேறு எங்காவது மாற்றிவைத்துவிட்டு, போனை இரவில் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். இதைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. செய்துவிடுங்கள், அவ்வளவுதான்.

நீங்கள் அதைக் கேட்கும் விதத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஆல்பத்தின் அட்டைப் படத்தைப் பாருங்கள். மார்ட்டின் பார் ஸ்காட்லாந்தின் கூரொக்கில் எடுத்த புகைப்படம் அது. கறுத்த மேகத்துக்குக் கீழே, நீல நிற நீச்சல் குளத்தில் ஒரே ஒரு ஆள் நீந்திக்கொண்டிருக்கிறார். அந்த ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டுதான் நீங்கள் தினமும் கேட்கிறீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த ஆல்பம் தனி ஆள் உருவாக்கியது அல்ல.

பிளரின் பாடகர் டேமன் ஆல்பர்னுக்குக் காதல் முறிவு புதிதல்ல. 1999-ல் வந்த '13' ஆல்பத்திலும் ஒரு பிரிவின் வலியைத்தான் பாடினார். அந்தச் சமயத்தில் குழுவுக்குள்ளும் விரிசல் விழுந்திருந்தது. சிறு வயதிலிருந்தே கூட இருந்த நண்பர், கிதார் வாசிக்கும் கிரஹாம் காக்ஸன், 2002-ல் விலகிவிட்டார். 2003-ல் வந்த ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டில்தான் அவர் கிதார் இருக்கிறது. 2009-ல் நால்வரும் மறுபடி மேடையேறினார்கள், 2015-ல் ஒரு ஆல்பம் வந்தது, அப்புறம் எட்டு வருட இடைவெளி. 2022-ல் இன்னொரு குழுவோடு அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஆல்பர்ன் இந்தப் பாட்டுகளைத் தனியாகத்தான் எழுதத் தொடங்கினார். நீங்கள் இப்போது இருக்கும் இடம் அதுதான், தம்பி.

அங்கேயே அவர் நின்றிருந்தால் நீங்கள் கேட்கும் ஆல்பம் இருந்திருக்காது. பழைய நண்பர்களிடம் அந்தப் பாட்டுகளைக் கொண்டுபோனார். காக்ஸன் கிதாரை எடுத்தார், அலெக்ஸ் ஜேம்ஸ் பேஸ் வாசித்தார், டேவ் ரவுண்ட்ரி டிரம்ஸில் உட்கார்ந்தார். தயாரிப்பு ஜேம்ஸ் ஃபோர்டு. ஒரு ஆளின் துக்கத்தை நாலு பேர் சேர்ந்து வாசித்து, 2023 ஜூலையில் வெளியிட்டார்கள்.

இன்றைக்கு மூன்றாவது பாட்டு 'பார்பாரிக்'கைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் கவனியுங்கள். வரிகள் முழுக்கப் பிரிவுதான். ஆனால் கிதார் வெயிலடித்த மாதிரி பளிச்சென்று போகிறது, டிரம்ஸ் எங்கேயும் சோர்ந்து உட்காரவில்லை. அவர்கள் "அழாதே" என்று சொல்லவில்லை, "மறந்துவிடு" என்றும் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தது இதுதான். காதல் போனவருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியது வேறென்ன?

உங்கள் நண்பன் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பேசுகிறார், உண்மைதான். ஆனால் ஐந்து மாதமாக, பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நீங்கள் தூங்காததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஹெட்போனுக்குள் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் தினமும் சுருங்கிக்கொண்டே போவது மட்டும்தான் அவர் கண்ணில் படுகிறது. அதனால் கையில் கிடைத்த ஒன்றின் மேல் பழியைப் போடுகிறார். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தூக்கம் சரியாகாமல் இப்படியே தொடர்ந்தாலோ, சாப்பாடும் வேலையும் கெட்டாலோ, வாழ்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும்கூட, மருத்துவரைப் பாருங்கள். அதற்குத் தயங்க வேண்டாம். நண்பனையே கூட வரச் சொல்லுங்கள்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை தருகிறேன். பகலில், ஜன்னலைத் திறந்து வைத்து, ஹெட்போன் இல்லாமல், ஸ்பீக்கரில் அந்த ஆல்பத்தைப் போடுங்கள். நண்பனையும் உட்கார வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறாவது பாட்டு 'தி நார்சிஸிஸ்ட்' வரும்போது மட்டும் அவர் கூட இருந்தால் போதும். அதில் ஆல்பர்ன் ஒரு வரி பாட, பின்னாலிருந்து காக்ஸனின் குரல் அதைத் திருப்பிச் சொல்லும். இருபது வருடத்துக்கு முன்னால் விட்டுப் போன அதே நண்பரின் குரல். அந்தக் கதையை நண்பனுக்கு முன்கூட்டியே சொல்லாதீர்கள். அந்த இரண்டாவது குரலை அவராகவே கவனிக்கிறாரா, யார் அது என்று கேட்கிறாரா, பாருங்கள். கேட்டால், அங்கிருந்து பேசத் தொடங்குங்கள்.