ஒரு பெண் தன் பழைய காதல்களை நினைத்துச் சொல்வதாக அமைந்த பழைய ஹாலிவுட் நகைச்சுவைப் படம் எதைப் பார்க்கலாம்?

1964இல் வந்த ‘வாட் எ வே டு கோ!’ படத்தைப் பாருங்கள். மர்லின் மன்றோவை மனத்தில் வைத்துத் திட்டமிட்ட கதை. 1962இல் அவர் இறந்துவிடவே ஷெர்லி மெக்லைனுக்குப் போனது. என்னைக் கேட்டால், மெக்லைனை விட்டால் இதற்கு ஆளில்லை.

நாயகி லூயிசாவுக்குப் பணம் வேண்டாம். கூழோ கஞ்சியோ, அன்பான கணவனோடு குடித்தால் போதும். ஆனால் அவள் கைப்பிடித்தவனிடம் எல்லாம் பணம் குவிகிறது, குவிந்த சூட்டிலேயே அவன் செத்தும் போகிறான். நான்கு முறை விதவையான பிறகு, சேர்ந்துவிட்ட இருபது கோடிக்கும் அதிகமான டாலரை அரசாங்கத்துக்கே காசோலையாக நீட்டுகிறாள். ஏப்ரல் முதல் தேதி விளையாட்டு என்று நினைத்துவிடுகிறார்கள்! பிறகு மனநல மருத்துவரிடம் உட்கார்ந்து கதையைச் சொல்கிறாள்.

ஒவ்வொரு திருமணமும் அவள் நினைவில் ஒவ்வொரு வகைப் படமாக ஓடுகிறது. டிக் வான் டைக்கோடு வாழ்ந்தது ஊமைப்படம். ராபர்ட் மிட்சமோடு வாழ்ந்தது பணத்தை வாரி இறைத்த படம். காட்சிக்குக் காட்சி உடை மாறும், கதை நகராது. ஈடித் ஹெட் வடிவமைத்த உடைகளுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது நியாயம்தான்.

எனக்குப் பிடித்தது பால் நியூமன் வரும் பாரிஸ் பகுதி. தாடி வைத்த ஏழை ஓவியன். சத்தத்தைக் கேட்டுத் தாமாகவே வண்ணம் தீட்டும் இயந்திரக் கைகளைச் செய்துவைத்திருக்கிறான். இரைச்சலைக் கேட்டுக் கிறுக்கிக்கொண்டிருந்த அவற்றுக்கு லூயிசா நல்ல இசையைப் போட்டுக் காட்டுகிறாள். ஓவியம் விலைபோகிறது, அவன் பேராசைக்காரன் ஆகிறான். அந்தக் கைகளே ஒருநாள் அவனை அடித்துக் கொல்கின்றன. சாவைப் பார்த்து இப்படிச் சிரிக்கலாமா என்று தோன்றும், அதற்குள் சிரித்திருப்பீர்கள்.

இத்தனை கணவர்களைச் சொல்லும்போதும் அவள் குரலில் குற்றவுணர்வு இல்லை, படமும் அவளைக் கேலி செய்வதில்லை. யாருமே கெட்டவனும் இல்லை. பெரும்பாலும், வறுமையில் அவள் முகத்தைப் பார்த்தவன், பணம் வந்ததும் வேறு பக்கம் பார்க்கிறான், அவ்வளவுதான்.

லூயிசாவின் அம்மாவாக வருபவர், நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களின் படங்களில் அவர்களில் ஒருவரான கிரௌச்சோவிடம் ஓயாமல் வாங்கிக் கட்டிக்கொண்ட மார்கரெட் டூமாண்ட். இதுதான் அவருடைய கடைசிப் படம்.

நான்காவது கணவனாக ஜீன் கெல்லி வரும் பகுதி கொஞ்சம் இழுக்கும். அலுத்துப்போய் எழுந்துவிடாதீர்கள், ஐந்தாவது கணவனாக வரும் டீன் மார்ட்டினின் நிலத்தில் எண்ணெய் பீறிடும் வேடிக்கை அதற்குப் பிறகுதான் வருகிறது.