கேள்வி – பதில்: திரையில் லத்தீனப் பெண்கள்

கேள்வி: 'மாடர்ன் ஃபேமிலி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் குளோரியாவைப் பார்த்தால், லத்தீன் அமெரிக்கப் பெண் என்றாலே சத்தம், கோபம், இறுக்கமான உடை என்று தோன்றுகிறது. கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேச வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?
– கல்லூரி மாணவி, காலாப்பட்டு

பதில்: நடிகையின் தலைமுடியிலிருந்து ஆரம்பியுங்கள். குளோரியாவாக நடித்த, கொலம்பியாவில் பிறந்த சோஃபியா வெர்காராவுக்கு இயற்கையில் பொன்னிற முடி. கருப்புச் சாயம் பூசிய பிறகுதான் 'லத்தீனப் பெண்' வேடங்கள் வந்ததாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அச்சு முதலில் தயாராகிவிட்டது, ஆள் பிறகு வருகிறார். அந்த அச்சும் பழையது. 1939-லேயே லூப்பே வெலெஸ் என்ற மெக்சிகோ நடிகையை வைத்து 'மெக்சிகன் ஸ்பிட்ஃபயர்' (எரிந்து விழும் மெக்சிகோக்காரி) என்று பட வரிசை ஓடியது. இன்னொரு அச்சு வேலைக்காரி. லூப்பே ஒன்டிவெரோஸ் என்ற ஹாலிவுட் நடிகை, தான் 150 முறை போல அந்த வேடம் போட்டதாகச் சொன்னவர்.

ஒரு எபிசோடு சுமார் 22 நிமிடம்தான், இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டு, கேமரா குளோரியாவின் முகத்தில் நிற்கிறதா உடம்பில் நிற்கிறதா, அதே குடும்பத்து வெள்ளைக்காரப் பெண் கிளேருக்கும் அப்படியா என்று கவனியுங்கள். அடுத்த தடவை நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: உச்சரிப்பு, உடம்பு, கோபம், புத்தி. தொடரில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. அதனால் நீங்கள் சிரித்த இடத்தையெல்லாம் எதற்காகச் சிரித்தீர்களோ அந்தக் கட்டத்தில் கோடு போடுங்கள். டப்பிங்கில் பார்த்தால் உச்சரிப்புக் கட்டம் காலியாகிவிடும், கணக்கு தப்பும். ஒரே எபிசோடை வைத்தும் தீர்ப்பு எழுத வேண்டாம். 2009 முதல் 2020 வரை 11 சீசன். தொடக்க சீசன்களில் இரண்டு எபிசோடு, கடைசி சீசன்களில் இரண்டு எபிசோடாவது எடுங்கள். ஸ்பானிஷில் நான் எவ்வளவு புத்திசாலி தெரியுமா என்று குளோரியா பொரிந்து தள்ளும் காட்சி ஒன்று உண்டு. அதைக் கட்டாயம் காட்டுங்கள். அச்சு விரிசல் விடும் இடம் அது.

ஒப்பிட 'புரூக்ளின் நைன்-நைன்' என்ற அமெரிக்கப் போலீஸ் நகைச்சுவைத் தொடர் போதும். அங்கே இரண்டு லத்தீனப் போலீஸ்காரிகள்: ஏமி சந்தியாகோ ஃபைலும் பட்டியலுமாக இருப்பவள், ரோசா டியாஸ் தன்னைப் பற்றி வாயே திறக்காதவள். இருவர் இருந்தால் ஒருத்தி மொத்த இனத்தையும் சுமக்க வேண்டியதில்லை. சினிமாவில் பாண்டிச்சேரி என்றதும் பாட்டிலைக் காட்டுகிறார்களே, அந்த எரிச்சல் நமக்குத் தெரியாததா?

கேள்வி: லத்தீனா, ஹிஸ்பானிக் இரண்டும் ஒன்றா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லை. ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிஷ் மொழி வழி, லத்தீனா என்பது லத்தீன் அமெரிக்க வழி. போர்த்துகீஸ் பேசும் பிரேசில் பெண் லத்தீனா. ஸ்பெயின்காரி ஹிஸ்பானிக் மட்டும். இந்தப் பெயர் அமெரிக்காவில்தான் ஒட்டுகிறது என்பதற்கு, 1999-இல் கொலம்பியாவில் வந்த டிவி தொடரின் நாயகி 'பெட்டி'யைப் பாருங்கள் (நம்மூர் இந்தித் தொடர் 'ஜஸ்ஸி'க்கும் மூலம் அதுதான்). அங்கே அவள் பொருளாதாரம் படித்த, அழகில்லை என்று ஒதுக்கப்பட்ட பெண், அவ்வளவே. 2006-இல் 'அக்லி பெட்டி'யாக அமெரிக்கா போன பிறகுதான் அவள் 'லத்தீனா' ஆனாள்.