சப்ளையர் கொடுக்கும் உறையை வாங்கலாமா?

தம்பி, சிங்கப்பூரில் கொள்முதல் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது, சப்ளையர்கள் பண்டிகைக்குக் கொடுப்பதை வாங்கலாமா, மறுத்தால் மனம் கோணுவார்களா, ஊர்க்காரர்கள் உதவி கேட்டால் எதுவரை செய்வது என்று தேவகோட்டையிலிருந்து கேட்டிருந்தீர்கள். முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்காகக் காரைக்குடி வந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பக்கம் லஞ்சம் என்றாலே தாலுகா ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். தனியார் கம்பெனியில் கொடுப்பதையும் வாங்குவதையும் 'கவனிப்பு' என்று சொல்லி விட்டுவிடுவோம். அங்கே 1960ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டம் தனியார் வேலைக்கும் அப்படியே பொருந்தும், 1 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 5 வருடம் வரை சிறை. தொகை சின்னதுதானே என்று தப்பிக்கவும் முடியாது. 2018ல் கண்டெய்னர் டிப்போவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய இரண்டு பேர், லாரிகளைக் காக்க வைக்காமல் அனுப்புவதற்கு டிரைவர்களிடம் பெரும்பாலும் வெறும் 1 வெள்ளி என்று வாங்கியதாக அவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். 'இந்தத் தொழிலில் இதுதான் வழக்கம்' என்று காட்டும் சாட்சியத்தையே ஏற்கக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இதைப் பல பேர் தெரியாமல்தான் விமானம் ஏறுகிறார்கள்.

அதற்காக எதற்கும் கை நீட்டப் பயப்பட வேண்டாம். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு ஆரஞ்சு கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி, நீங்களும் இரண்டு கொடுங்கள். தீபாவளிக்குத் தேன்குழலும் அதிரசமும் கொண்டுபோய்ப் பேன்ட்ரியில் வைத்தால் மதியத்துக்குள் டப்பா காலியாகிவிடும். கொடுப்பவரின் கொட்டேஷன் உங்கள் மேசையில் இருக்கும்போது பணமோ வவுச்சரோ வந்தால்தான் சிக்கல்.

சிங்கப்பூரில் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, சப்ளையர் ஒருவர் டைரி, காலண்டர் உள்ள பையைக் கொடுத்துவிட்டுப் போனார். அடியில், பண்டிகைக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறை ஒன்று. அந்தப் பெண் அதைப் பிரிக்கவே இல்லை. உடனே மேனேஜருக்கும் எச்ஆருக்கும் சேர்த்து ஒரு மெயில்: 'இன்னார் இன்று தந்த பையில் ஒரு உறை இருந்தது, பிரிக்கவில்லை, என்ன செய்யட்டும்?' அவ்வளவுதான். எச்ஆர் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பியது, சப்ளையரும் கோபித்துக்கொள்ளவில்லை, அடுத்த மாதமும் கொட்டேஷன் வந்தது. நீங்களும் இதையே செய்யுங்கள், அன்றைக்கே, எழுத்தில். நாள் கடந்துவிட்டால் நல்ல எண்ணத்தோடு வைத்திருந்தாலும் ஒளித்து வைத்ததாகத்தான் தெரியும்.

இப்படிக் கணக்காக இருப்பது வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த பழக்கம் என்று சிலர் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த ஊரிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன ஏஜெண்டுகள் வருடக்கணக்கில் முதலாளி கண்ணில் படாமல் கடை நடத்தினார்கள். கணக்கும் ஐந்தொகையும் (வரவு செலவு, சொத்து, கடன் எல்லாம் சேர்ந்த இருப்புக் கணக்கு) ஒழுங்காக ஊருக்கு வந்ததால்தான் அடுத்த ஆளையும் நம்பி அனுப்பினார்கள்.

ஊர்க்காரர் 'என் வருகைப் பதிவு அட்டையையும் சேர்த்துத் தட்டிவிடு, அரை மணி லேட்டாகும்' என்றால், முடியாது அண்ணே என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் முகம் கொடுக்க மாட்டார், அப்புறம் சரியாகிவிடும்.

கடைசியாக, எனக்கு மிகவும் வேதனை தருகிற விஷயம். கல்லல், திருப்பத்தூர் பக்கத்துப் பையன்கள் நகையை அடகு வைத்து வருகிறார்கள், வேலை பெர்மிட் புதுப்பிக்கிற நேரத்தில் சூப்பர்வைசரே 'எனக்கு இவ்வளவு கொடு, பெயரைச் சேர்க்கிறேன்' என்கிறார், அவரும் பெரும்பாலும் தமிழர்தான். வேலை கொடுப்பதற்கும் நீட்டிப்பதற்கும் இப்படிப் பணம் வாங்குவது தனிக் குற்றம், 30,000 வெள்ளி வரை அபராதமோ 2 வருடம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். உங்களுக்கு ஆபீஸில் பெயர் இருக்கும், யாராவது 'சார்கிட்ட சொல்லி முடிச்சுக் கொடுங்க' என்று காசோடு வருவார்கள். வாங்காதீர்கள், வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகராகவும் நிற்காதீர்கள். பணம் கேட்கப்பட்ட பையன் உங்களிடம் வந்தால், யார், எப்போது, எவ்வளவு கேட்டார் என்று எழுதி வைக்கச் சொல்லி, வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லி, மனிதவள அமைச்சுக்குக் கூட்டிப் போங்கள்.